இணையவழிக் கல்வி: ஒரு மதிப்பீடு

இணையவழிப் பாடத்திட்டங்களின் தரத்தை, பெயர் பதிந்தோரின் தொகையைக் கொண்டு அளப்பது வழக்கமாகிவிட்டது. இவ்வளவுகோல் போதாது என்பது நம் கருத்து. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வொன்று, பெயர் பதிந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்திற்குள் நுழையவேயில்லை என்று காட்டிற்று.

நம் இராமநாதபுரக் கடற்கரையை நோக்குவோம். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைப்பேசியிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் வந்தன. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ வீட்டின் ஒரே கைப்பேசி தந்தையோடு கடலுக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு அன்று பாடம் ஏது? 2021இல் அரசே 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கித் தன்னார்வலரைக் குடியிருப்புகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

இறையியற் கல்விக்கு இப்படிப்பினை புதிதன்று. 1963இல் குவாத்தமாலாவில் தோன்றி, 1971 முதல் பெங்களூரின் டாஃப்டீ வழியாக நம் நாட்டிலும் பரவிய விரிவாக்க இறையியற் கல்வி, வீட்டில் தனிப்படிப்பு, ஒழுங்கான குழுக்கூடுகை, சபையில் ஊழியப் பயிற்சி ஆகிய மூன்றையும் பிணைத்தது. இணையம் முதலாவதைச் செவ்வனே செய்கிறது. தொலைவையும் செலவையும் குறைக்கிறது. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மற்ற இரண்டையும் கைவிட்ட திட்டம் சான்றிதழ் வழங்குமேயன்றி ஊழியரை உருவாக்காது.

எத்தியோப்பிய மந்திரியின் கையில் ஏசாயாவின் ஆகமம் இருந்தது. பிலிப்பு இரதத்தில் ஏறி அருகே உட்கார்ந்த பின்னரே அது அவனுக்கு விளங்கிற்று. ஆகவே, இணையப் பாடம் நடத்தும் இறையியற் கல்லூரிகள் மாணவர் ஒவ்வொருவருக்கும் அருகிலுள்ள ஆயரொருவரை வழிகாட்டியாக நியமிக்கட்டும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள்களைக் கடலோர மாணவரின் குழுக்கூடுகைகளுக்குப் பயன்படுத்தட்டும். ஓராண்டு சென்றபின் சபையார் அம்மாணவரின் ஊழியத்தைக் குறித்துச் சொல்லும் சாட்சியே நம் மதிப்பீடாக இருக்கட்டும்.