எக்ஸ்பிரஸில் இல்லாத ஏஜென்ட்

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டை மார்க்கெட்டிலும் பில் போடும் கம்ப்யூட்டர்கள் பலவற்றின் அடியில் ஓடுவது மைக்ரோசாஃப்ட்டின் இலவச டேட்டாபேஸ்தான்: எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது கைப்பழக்கமாகிவிட்டது. கடைக்காரர் லைசென்ஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியில் எழுதிய புரோகிராமோடு சேர்த்து இதையும் நிறுவிவிட்டு வந்துவிடலாம். இப்போது 2025 பதிப்பு வந்திருக்கிறது. ஒரு பலசரக்குக் கடையின் பழைய கணக்கை அதில் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன்.

எக்ஸ்பிரஸ் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது அளவைத்தான். 2005 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 4 ஜிபி. 2008 ஆர்2 வந்தபோது அது 10 ஜிபி ஆனது, 2022 பதிப்பு வரை அப்படியே நின்றது. 2025இல் ஒரே தாவலாக 50 ஜிபி. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் அரிசியும் பருப்பும் விற்கும் கடையின் பில் கணக்கு பல வருஷம் சேர்ந்தாலும் பழைய 10 ஜிபியையே எளிதில் தொடாது. ஸ்கேன் செய்த கொள்முதல் பில்களைப் படமாக டேபிளுக்குள் திணித்தால்தான் தொடும். அப்படித் தொட்டாலும் 1827 என்ற எண்ணோடு பிழைச்செய்தி வந்து, லைசென்ஸ் வரம்பு முடிந்தது என்று நேராகச் சொல்லிவிடும். நினைவகம் 1410 எம்பி, பிராசஸர் 4 கோர் என்ற வரம்புகளும் கவுண்டர் வேலைக்குத் தாராளம். இவற்றைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது.

நிறுவும்போது சில எரிச்சல்கள் உண்டு. டிசிபி/ஐபி முடக்கப்பட்ட நிலையில்தான் வரும், எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸும் அப்படியே. இரண்டாவது கவுண்டரிலிருந்து இணைக்கப் பார்த்தால் சர்வரே இல்லை என்று சொல்லும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் போய் இரண்டையும் திறந்துவிட வேண்டும். உருவாக்கும் டேட்டாபேஸில் ‘ஆட்டோ குளோஸ்’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் ஆள் இல்லாத நேரத்தில் டேட்டாபேஸ் மூடிக்கொள்ளும், மத்தியானம் வரும் முதல் பில் திணறும். கிளைக் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ரெப்ளிகேஷனில் எக்ஸ்பிரஸ் தகவலை வாங்கிக்கொள்ளும் பக்கமாக இருக்கலாமே தவிர, அனுப்பும் பக்கமாக இருக்க முடியாது.

இதெல்லாம் ஒரு மாலை நேர வேலை. நான் சண்டை போடுவது ஏஜென்டுக்காக.

எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் என்பது டேட்டாபேஸின் நேரக் காவலன். இன்ன மணிக்கு பேக்கப் எடு, இன்ன நாளில் இண்டெக்ஸைச் சரிசெய், தோற்றுப்போனால் மெயில் அனுப்பு என்று ஒரு முறை சொல்லி வைத்தால் அது பார்த்துக்கொள்ளும். எக்ஸ்பிரஸில் அது கிடையாது. அதை நம்பியிருக்கும் மெயின்டெனன்ஸ் பிளானும் கிடையாது. பழைய பதிப்புகளில் விண்டோஸ் சர்வீஸ் பட்டியலில் ஏஜென்டின் பெயர் மட்டும் நிற்கும், ஸ்டார்ட் கொடுத்தால் ஓடாது. பேக்கப்பைச் சுருக்கி எழுதும் வசதியும் காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்ட் பதிப்பிலிருந்துதான்.

10 ஜிபி முடிந்தால் சத்தம் வரும். பேக்கப் எடுக்கப்படாவிட்டால் எந்தச் சத்தமும் வராது. கடை நடக்கும், பில் வரும், ஜிஎஸ்டி கணக்கு போகும். ஹார்ட் டிஸ்க் செத்த அன்றுதான் இல்லாத ஒன்று இல்லை என்று தெரியும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர் தன் லேப்டாப்பில் பெரும்பாலும் டெவலப்பர் எடிஷனைத்தான் வைத்திருப்பார். 2016 முதல் அது இலவசம். என்டர்பிரைஸில் உள்ள எல்லாமே அதில் உண்டு, ஆனால் கடையில் நிஜ வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது. எழுதும் மேஜையில் ஏஜென்ட் ஒழுங்காக பேக்கப் எடுக்கும். அதே புரோகிராம் கடைக்குப் போனால் எக்ஸ்பிரஸில் உட்காரும், ஏஜென்ட் இருக்காது. எழுதியவருக்கு எல்லாம் கிடைக்கிறது, குறை முழுக்கக் கடைக்காரர் தலையில் விழுகிறது. அதனால்தான் இப்போது சோதனையை முதல் நாளிலிருந்தே எக்ஸ்பிரஸில் வைத்துச் செய்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் பேக்கப் என்பது வெறும் புத்தகப் பாடமல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. ஆறு கரை தாண்டி ஜங்ஷன் பேருந்து நிலையம், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வரை தண்ணீர் நின்றது. நம் ஊர்க் கடைகளில் சிபியு இருப்பது கல்லாவுக்கு அடியில், தரையில். தண்ணீர் உள்ளே வந்தால் சரக்குக்கு முன்னால் அதைத்தான் தொடும். கடன் நோட்டு, சப்ளையர் பாக்கி, சரக்கு இருப்பு எல்லாம் அந்த ஒரு டிஸ்கில்தான். “தம்பி, சரக்கு போனா திரும்ப வாங்கிக்கிடலாம். யாரு எவ்வளவு தரணும்னு கணக்கு போச்சுன்னா யார்ட்ட போய் கேக்க?” என்றார் ஓர் அண்ணாச்சி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏஜென்ட் இல்லாமல் சமாளிக்க வழி உண்டு. பேக்கப் கட்டளையை எஸ்க்யூஎல்சிஎம்டி வழியாக ஓட்டும் ஒரு பேட்ச் ஃபைலை எழுதி, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் மாட்டிவிடலாம். ஸ்வீடன்காரர் ஓலா ஹாலன்கிரென் எழுதி இலவசமாகத் தரும் பராமரிப்பு ஸ்கிரிப்டுகளும் எக்ஸ்பிரஸில் ஓடும். ஆனால் இடறும் இடங்கள் சில. பேக்கப்பை எழுதுவது நீங்கள் லாகின் செய்த கணக்கு அல்ல, எஸ்க்யூஎல் சர்வீஸின் கணக்கு. அந்த ஃபோல்டரில் அதற்கு அனுமதி தராவிட்டால் பிழை எண் 5 வந்து நிற்கும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் இரவு 2 மணிக்கு நேரம் வைக்கச் சொல்கின்றன. நம் கடைகளில் இரவு ஷட்டர் இறக்கும்போதே மெயின் சுவிட்சும் இறங்கிவிடும். அதனால் கூட்டம் குறையும் பிற்பகல் மூன்று மணிக்கு வையுங்கள். தவறிய வேலையைச் சிஸ்டம் வந்ததும் உடனே ஓட்டு என்ற பெட்டியிலும் டிக் போடுங்கள். எடுத்த ஃபைலை 7-ஜிப்பில் சுருக்கி கூகுள் டிரைவுக்கு அனுப்பினால் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியே சின்னக் கடைக்குப் போதும். அதே டிஸ்கில் இன்னொரு ஃபோல்டரில் வைப்பதை பேக்கப் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காசு கொடுத்தே வாங்கலாமே என்றால், 2022 ஸ்டாண்டர்டின் பட்டியல் விலை சர்வருக்கு 989 டாலர், இணைக்கும் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ தனி லைசென்ஸ் வேறு. அம்பாசமுத்திரத்து அரிசி மண்டிக்கு அந்தக் கணக்கு சரிவராது. இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இலவசம், காசு என்ற இரண்டு பதிப்பே இல்லை. நேரம் பார்த்து வேலை செய்யும் ஏற்பாடு அதன் மையத்திலும் கிடையாது என்பது உண்மைதான், பிஜிகிரான் போன்ற துணைகளைச் சேர்க்க வேண்டும். ஆனால் அங்கே யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லை.

அளவை விற்கட்டும், வேகத்தை விற்கட்டும், கோர்களை விற்கட்டும், அது நியாயமான வியாபாரம். தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ, கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கும் தன் எண்ட்பாயிண்ட் சென்ட்ரலை 25 கருவிகள் வரை இலவசமாகத் தருகிறது. எண்ணிக்கையில்தான் வரம்பு. இலவசத்துக்கும் காசுக்கும் நடுவில் போட்ட கோடு நகராத ஒன்றுமில்லை. பிளக்இன் சேர்க்க விடாத விஷுவல் ஸ்டுடியோ எக்ஸ்பிரஸின் இடத்தில் 2014இல் கம்யூனிட்டி வந்தது. பைத்தான் எழுத உதவும் பைசார்ம் 2025இல் ஜுப்பிட்டர் நோட்புக் வசதியை இலவசத்தில் சேர்த்தது. 10 ஜிபியை 50 ஆக்க முடிந்த மைக்ரோசாஃப்ட்டுக்கு, தினம் ஒரு பேக்கப் எடுக்கும் ஒரே ஒரு வேலையை எக்ஸ்பிரஸில் திறந்துவிடுவது பெரிய காரியமா?

புதிதாகக் கடை வைப்பவர்கள் 2025 எக்ஸ்பிரஸையே போடலாம், ஷெட்யூலர் வேலையையும் சேர்த்துச் செய்துதரும் ஆளிடம் மட்டும் கொடுங்கள். விண்டோஸ் 7இல் இன்னும் பில் போடுபவர்கள் 2014க்கு மேல் ஏற முடியாது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. அவர்கள் முதலில் மாற்ற வேண்டியது சிஸ்டத்தை. அதுவரை, எடுத்து வைத்த பேக்கப்பை மாதம் ஒரு முறையாவது வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.