தாலந்தும் தவணையும்

1976-ஆம் ஆண்டில் வங்காளதேசத்து ஜோப்ரா கிராமத்தில், மூங்கில் முக்காலி செய்து பிழைத்த ஒரு பெண்ணைப் போன்ற 42 பேர் வணிகரிடம் பட்டிருந்த கடன் எல்லாம் கூடி 856 டாக்காவே எனக் கண்டார், பேராசிரியர் முகமது யூனுஸ். 1983-இல் கிராமின் வங்கியாக உருவெடுத்த முயற்சியின் தொடக்கம் இது. ‘பேங்கர் டு தி புவர்’ என்னும் அவரது நூல், ஏழையை இரப்பவனாக அன்றித் தொழில் வல்லவனாகக் காண்கிறது. இம்மேன்மையை நாம் மறுக்கவில்லை. நமது ஐயம் வேறு.

தொழில் என்றால் நட்டமும் உண்டு. அது யாரைச் சேரும்? வெள்ளமும் புயலும் வந்தாலும் தவணையை நீட்டிக்கலாம், புதுக்கடன் தரலாம், கடனை மட்டும் நீக்கலாகாது என்கிறார் யூனுஸ். நீக்கினால் தற்சார்பு குன்றுமாம்.

வெள்ளாற்றங்கரையில், இசுலாமியர் மிகுதியாக வாழும் லப்பைக்குடிக்காட்டில், ஒரு கைம்பெண் கடன் பெற்று இரண்டு ஆடுகள் வாங்குகிறாள் என்று கொள்வோம். கொள்ளைநோயில் ஆடுகள் மடிகின்றன, தவணை மடிவதில்லை. நேற்றுவரை ‘தொழில்முனைவோர்’ என அழைக்கப்பட்டவள் இன்று கடனாளி. அவள் வாசலில் வந்து நிற்பவரோ அதே குழுவைச் சேர்ந்த ஏழைப் பெண்கள்! அவ்வூரார் ஒழுகும் மார்க்கத்தின் வணிகச் சட்டத்தில் ‘முதாரபா’ என்றொரு முறை உண்டு. ஒருவர் முதல் தருவார், மற்றவர் உழைப்பார். இலாபத்தைப் பேசிய விகிதப்படி பகிர்வர். உழைத்தவர் பிழையின்றி நட்டம் நேர்ந்தால், முதலின் இழப்பு முதல் தந்தவரையே சாரும். உழைத்தவருக்கு உழைப்பே இழப்பு. (நடைமுறையில் இம்முறை அருகியே காணப்படுகிறது என்பது வேறு பேச்சு.) யூனுஸ் அம்மரபில் பிறந்தவராயினும், அவரது வங்கி வட்டிக்கே கடன் தருகிறது.

நாமோ கடன் வழங்கும் கூட்டங்களில் மத்தேயு 25-ஆம் அதிகாரத்துத் தாலந்து உவமையை எடுத்துப் பிரசங்கிக்கிறோம். தாலந்தைப் புதைத்தவன் தான் அஞ்சியதாகச் சொல்வது எஜமானின் கடுமைக்கு. கடனுக்கு அஞ்சும் பெண்ணை ஊக்கமற்றவள் என்று கடிந்துகொள்ளும் நாம், அவள் எத்தகைய எஜமானுக்கு அஞ்சுகிறாள் என்று கேட்டதுண்டோ? ஏழையிடம் வட்டி வாங்கலாகாது என யாத்திராகமம் 22-உம் லேவியராகமம் 25-உம் விதித்துள்ளன. வணிகத்தில் வட்டியை ஒப்புக்கொண்ட கால்வின்கூட, 1545-இல் எழுதிய மடலில் ஏழையை அதற்கு விலக்காக வைத்தார். நம் சீர்திருத்த மரபில் நாம் எளிதில் மறந்த பக்கம் இது.

ஐதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் சிறுகடனின் விளைவை ஆராய்ந்து பானர்ஜி, டூஃப்லோ முதலியோர் 2015-இல் வெளியிட்ட முடிவும் நூலின் நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை. முன்பே தொழில் செய்து வந்தோரில் சிலர் வளர்ந்தனர். குடும்பங்களின் நுகர்வு பொதுவில் உயரவில்லை. அதே ஆண்டில், இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் மிக வறியோர்க்கென நடந்த மற்றொரு திட்டத்தின் ஆய்வும் வெளிவந்தது. அங்கே கால்நடை போன்ற உடைமையோடு சில காலம் உதவித்தொகையும் பயிற்சியும் தந்தனர். திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் அவர்களது நுகர்வு உயர்ந்தே இருந்தது. அவ்வுடைமை கடனாக அன்று, கொடையாகவே தரப்பட்டிருந்தது.