நகைச்சுவையின் இரு வேர்கள்: ‘ஆண்பாவம்’ ஓர் ஆய்வு

திரைப்படம் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரியதாகுமோ என ஐயுறுவார் இன்றும் உளர். நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாக எண்ணிய மொழியில் அவ்வையத்திற்கு நெடிய விடை வேண்டா. 1985ஆம் ஆண்டில் பாண்டியராஜன் இயக்கி, தாமே இளையவனாகவும் நடித்து வெளிவந்த ‘ஆண்பாவம்’ என்னும் படத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஆடம்பரப் புனைவின்றிச் சிற்றூரின் தெருவையும் வீட்டையும் கொண்டே நிகழ்வது அது.

வி. கே. ராமசாமி தந்தையாக வரும் இக்கதையில் பெரியபாண்டி, சின்னபாண்டி என மைந்தர் இருவர். பெரியபாண்டி, பெண் பார்க்கச் சென்றவன், வீடு மாறிப் புகுந்து வேறொருத்தியைக் கண்டு காதல் கொள்கின்றான். தந்தை பேசிவைத்த பெண்ணோ வேறொரு மனையில் இருக்கின்றாள். முழுக்கதையும் இப்பிழை ஒன்றிலிருந்தே கிளைக்கின்றது.

நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினை மெய்ப்பாட்டியலில் வகுத்தார். இந்நான்கும் உடன்பிறந்தார் இருவர்க்கும் பங்கிடப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. வீடறியாது புகுந்தது பேதைமை. புகுந்தபின் கொண்டதை விடாமை மடன். இவை மூத்தவன்பால் அமைந்தன. இளையவனோ எள்ளலும் இளமையுமே உருவானவன். பெரியோரை நையாண்டி செய்வதும் குறும்பு இழைப்பதும் அவன் தொழில். ஒருவன் நகைக்கப்படுகின்றான், மற்றவன் நகைக்கச் செய்கின்றான். இருவர் பண்பும் வேறு என்று மட்டும் கூறி அமைவார் இவ்வேறுபாட்டைக் காணார். (கொல்லங்குடி கருப்பாயியின் பாட்டி வேடம் தனிக் கட்டுரைக்கு உரியது, ஈண்டு விரிப்பின் பெருகும்.)

இனி, தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை இதனோடு வைத்துக் காண்பாம். அந்நூலின் முற்பகுதி வசந்தவல்லியின் காதல். பிற்பகுதி சிங்கன் சிங்கியைத் தேடி அலையும் நகை. சிங்கியின் நினைவால் மயங்கிய சிங்கன் புள்ளினை அகப்படுத்த இயலாது நிற்க, நூவன் அவனை எள்ளுகின்றான். இங்கும் நகைக்கப்படுவான் ஒருவன், நகைப்பான் ஒருவன் என்னும் அமைப்பே உளது. ஆயின் சிங்கன் புகுந்தபின் வசந்தவல்லி நம் பார்வையினின்று மறைகின்றாள். குறத்தி சொன்ன குறியோடு அவள் காத்திருப்பு நிற்கின்றது. நகை அவளை விடுத்து நடந்துவிடுகின்றது. தலைவன் இறைவனாதலின் அக்காத்திருப்பே பத்தியாய் அமையும் என்று அமைதி கூறலாம்.

படத்திற்கு அவ்வமைதி இல்லை. பேசிவைத்த பெண்ணின் ஏமாற்றத்திற்குத் தெய்வம் பொறுப்பன்று. ஒருவன் வீடு மாறியதே பொறுப்பு. பிற்பகுதியில் நகை தளர்ந்து அவள் துயர் மேலெழுவதை அமைப்பின் குறை என்பாரும் உண்டு. அது பொருந்தாது என்பது நம் துணிபு. தன் நகையால் புண்பட்டவளிடம் கதை மீண்டு செல்லும் அவ்விடமே குறவஞ்சி செய்யாததைப் படம் செய்த இடம். ‘ஆண்பாவம்’ என்னும் பெயர் யார்பால் இரக்கம் வேண்டுகின்றது என்னும் வினாவும் அங்கே எழுகின்றது.

எனினும் ஒரு குறை சுட்டாமல் விடுதற்கில்லை. வசந்தவல்லிக்கு நிலவைப் பழிக்கவும் காமனைப் பழிக்கவும் தோழியைத் தூது விடுக்கவும் கவிராயர் பாட்டுக்கள் அமைத்துத் தந்தார். அத்துணை விரிவான தன்கூற்றினைப் படம் அப்பெண்ணுக்கு அளித்திலது.