கல், காசு, மணி

நகைக்கடையில் யாரும் மணி என்று கேட்பதில்லை. திருவள்ளூர் பஜாரில் கம்மல் எடுக்க உட்கார்ந்தால், "கல்லு வெச்சதா, ப்ளெயினா?" என்பதுதான் முதல் கேள்வி. வெள்ளைக்கல், பச்சைக்கல், கெம்புக்கல் என்று தட்டுகள் வரும். காதுக்கு ஏழு கல் தோடு, மூக்குக்கு எட்டுக்கல் பேசரி. தரம் தெரிந்த பாட்டிமார்கள் 'ப்ளூ ஜாகரா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக் கடைக்காரரை நிமிர வைப்பார்கள். விலை பேசுகிற இடத்தில் கல். பொன்னாடை போர்த்துகிற மேடையில் ரத்தினம். மணி இந்த இரண்டு இடத்திலும் தங்காமல் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. எனக்கு அதைப் பிடித்ததும் அதனால்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் 'மணி என்ன?' என்று கேட்கிறவருக்கு, நவரத்தினத்தின் பெயரை உச்சரிக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. அடிப்பதும் மணி, அடித்ததை எண்ணினால் வருவதும் மணி. கதிரில் நெல்மணி, கண்ணுக்குள் கண்மணி, கை முடியும் இடத்தில் மணிக்கட்டு, கழுத்துப் புள்ளிகளோடு மணிப்புறா, தாலியோடு சேரும் கருகமணி, பேருந்து நிலையத்தில் நரிக்குறவப் பெண்கள் கோத்துக்கொண்டே விற்கும் பாசிமணி. நன்றாக எழுதும் பிள்ளையின் எழுத்து மணி மணியாக இருக்கிறது. (பெண்களை மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால் பெண்மணி, ஆண்களுக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை.) சிறியது, திரண்டது, தன்னளவில் முழுமையானது எதுவோ, அதன்மேல் தமிழ் இந்தச் சொல்லை வைத்துவிடுகிறது. நெல்ரத்தினம் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மறுக்கும். ஒலிக்கும் ஒளிக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு; மணி என்ற சொல்லில் அந்த ஒன்றும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு தலைமுறை கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தின் முகத்தில் '17 ஜுவல்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழலவென்று உள்ளே பதித்த செயற்கை மாணிக்கக் கற்கள் அவை. பிறகு குவார்ட்ஸ் கடிகாரம் வந்தது. அதற்குள் இருப்பதும் ஒரு படிகத் துண்டுதான்; நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து அது காலத்தை அளக்கிறது. ஆக, மணி பார்க்கிற கருவிக்குள் என்றைக்கும் ஒரு மணி இருந்துகொண்டே வந்திருக்கிறது. செய்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கலாம்.

பழம்பாடல்களில் வெறுமனே மணி என்றால் பெரும்பாலும் நீலமணி. மயிலின் கழுத்துக்கும் தூரத்து மலைக்கும் அந்த நிறம் போதும். சிவனுக்கு மணிமிடறு, திருமாலுக்கு மணிவண்ணன் என்ற பெயர். ஒருவருக்குக் கழுத்தில் மட்டும், மற்றவருக்கு உடம்பு முழுக்க. இருவருக்கும் ஒரே கல்லைத்தான் தமிழ் பிரித்துக் கொடுத்திருக்கிறது. சிவப்புக் கல்லுக்கு மாணிக்கம் என்று தனிப்பெயர் நிலைத்துவிட்டது. வயிரமோ கடைவீதியை விட்டு மரத்துக்குள் ஏறியது: முற்றிய கட்டை வைரம் பாய்ந்த கட்டை. மனசுக்குள் இறுகிக் கிடக்கும் பகைக்கும் அதே பெயர்.

கல்லின் தரம் பார்க்கும் சொற்களைத் தேடினால் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதைக்குத்தான் போக வேண்டும். கோவலன் மதுரையின் மணிக்கடை வீதியில் நடக்கிறான். இளங்கோ அடுக்கிக்கொண்டே போகிறார். வயிரத்தின் குற்றங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கையின் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. மாணிக்கத்தில் பதுமம், நீலம், விந்தம், படிதம் என நான்கு சாதி. இன்றைய கடையில் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி செருகிக்கொண்டு பார்க்கிறவரும் இதே புள்ளியையும் கோட்டையும்தான் தேடுகிறார். அந்த வீதியைப் பொழுதுபோக்காகப் பார்த்துக்கொண்டு போகிறவன், சிலம்பு விற்க வந்தவன் என்பதை நினைத்தால் பட்டியலின் பளபளப்பே கொஞ்சம் கூசும். அந்தச் சிலம்பின் பரல் மாணிக்கம். கதை முடிவதும் அந்த மணியில்தான்.

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், குற்றாலம் சித்திரம். ஐந்தாவது, ரத்தினசபை, அரக்கோணம் ரயில் பாதையில் வரும் திருவாலங்காட்டில். காளியோடு போட்டியிட்டுக் காலை உச்சிக்குத் தூக்கி ஆடிய இடம் என்பது புராணம். சபையின் பெயரைக் கேட்டுக் கல் பதித்த கூரையைத் தேடி வருகிறவர் ஏமாந்துதான் போவார். காரைக்கால் அம்மையார் இந்தத் தலத்தின்மேல் பாடிய மூத்த திருப்பதிகங்களில் சபையும் இல்லை, நவரத்தினமும் இல்லை. சுடுகாடு இருக்கிறது, பேய்கள் இருக்கின்றன. அவர் அடுக்கிச் சொல்வது ஏழு இசைகளையும் தாளம், வீணை, மத்தளம் முதலான கருவிகளையும். மணியின் ஒளியைக் கழித்துவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொண்டவர் போலத் தோன்றுகிறார்.

அம்மையார் யார் என்பதையும் மறக்கக் கூடாது. காரைக்காலில் வணிகர் குலத்தில் பிறந்து, கடல்வணிகனுக்கு வாழ்க்கைப்பட்டவர். கல்லின் விலை தெரிந்த வீட்டுப் பெண். சேக்கிழார் சொல்கிறபடி, கணவன் விலகிப்போனதும் அழகு ஏறிய உடம்பையே கழற்றி எறிந்துவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கினார். எல்லாவற்றையும் துறந்தவர், தம் நூல் ஒன்றுக்கு மட்டும் மணிமாலை என்ற பெயரை விடாமல் வைத்திருக்கிறார்: திருவிரட்டை மணிமாலை, பதினோராம் திருமுறையில் இருபது பாட்டு. கிடைக்கிற இரட்டைமணிமாலைகளில் மிகப் பழையது இது என்பார்கள்.

இரண்டு நிற மணிகளை மாற்றி மாற்றிக் கோப்பதுபோல ஒரு கட்டளைக் கலித்துறை, ஒரு வெண்பா, மறுபடி கட்டளைக் கலித்துறை. கட்டளைக் கலித்துறை எழுத்தெண்ணிப் பாடுகிற பாட்டு. நேரசையில் தொடங்கினால் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு, ஒற்றை எண்ணக் கூடாது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மாலை கோணும். ஐந்து ஐந்து சீராக நான்கு அடி நடந்து ஏகாரத்தில் நீண்டு முடியும். உடனே வெண்பா வரும்; நான்கு சீர் அடிகள், கடைசி அடி மூன்றே சீரில் நறுக்கென்று நின்றுவிடும். வாய்விட்டுப் படித்தால் பெரிய மணி, சிறிய மணி என்று விரலுக்கே தெரியும். ஒரு பாட்டு முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்கும் அந்தாதிதான் நூல். திருக்குறள் 1273-இல் வள்ளுவர், மணிக்குள்ளே ஓடும் நூல் வெளியே தெரிவதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். துளையிட்ட படிகமணியைக் கையில் வைத்துப் பார்த்தவருக்கே அந்த உவமை வரும். அந்தாதியில் நூல் தெரிவதும் அப்படித்தான், மறைத்தாலும் தெரியும்.

பின்னால் வந்தவர்கள் மும்மணிக்கோவை, நான்மணிமாலை, நவமணிமாலை என்று மணிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். குமரகுருபரர் திருவாரூருக்கு நான்மணிமாலை பாடினார், பாரதி விநாயகருக்கு. நிறங்கள் கூடக் கூட, மாறிவரும் அடுத்த பாட்டைக் காது எதிர்பார்க்கும் சுகம் குறைகிறது என்பது என் எண்ணம். இரண்டே மணி போதும்.

வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடிய வேண்டும். அவற்றுள் காசு என்பதற்குப் பழந்தமிழில் மணி என்று பொருள்; மேகலையில் கோத்தவை காசுகள். மணியில் இருக்கும் குற்றத்துக்கும் பெயர் காசுதான்.