துரு எங்கே தொடங்கும்?

பொம்மைக் கார் ஒன்றைத் துருப்பிடிக்க வைக்க எனக்கு மூன்று மாலைகள் தேவைப்படுகின்றன. உண்மையில் அந்தக் கார் ஒருபோதும் துருப்பிடிக்காது. ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் கார்களின் உடல் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டது. துரு இரும்புக்கு மட்டுமே உரியது. போருக்கு முந்தைய டிங்கி கார்கள் சில தாமாகவே விரிசல் விட்டு நொறுங்குகின்றன என்பது சேகரிப்பாளர்கள் அறிந்த சங்கதி. துத்தநாகத்தில் கலந்துவிட்ட ஈயம் செய்யும் வேலை அது. அந்த அழிவுக்குச் செம்பழுப்பு நிறம் கிடையாது. ஆக, நாங்கள் தீட்டும் துரு தொடக்கத்திலிருந்தே பொய். நல்ல பொய்யா, சோம்பேறிப் பொய்யா என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

மைக் ஹட்சின்சன் எழுதி ஆஸ்ப்ரே வெளியிட்ட 'காஸ்லேண்ட்ஸ்' என்ற மேசைப் போர் விளையாட்டு, 2019இல் 'ரீஃப்யூல்ட்' பதிப்பாகவும் வந்தது. சுமார் 1:64 அளவுக் கடைப் பொம்மைக் கார்களை வாங்கி, ஆணியைத் துளைத்துப் பிரித்து, துப்பாக்கியும் தகரக் கவசமும் ஒட்டி, மேசையில் மோத விடலாம். விலையுயர்ந்த பொம்மைகளை விற்கும் நிறுவனங்களின் பிடியிலிருந்து இந்தப் பொழுதுபோக்கை ஓரளவு விடுவித்த விளையாட்டு என்று சொல்வேன். தெருக்கடைக் கார் ஒன்றும் கொஞ்சம் பெயிண்டும் போதும். மேசையில் மலை, சுவர், சிதைந்த வாகனங்கள் எல்லாம் வேண்டும். அவற்றையும் நாமே செய்துகொள்கிறோம்.

துரு தீட்டுவதில் நான் மிகவும் மதிக்கும் முறை ஹேர்ஸ்ப்ரே முறை. முதலில் கரும்பழுப்பு, செம்மண், கொஞ்சம் ஆரஞ்சு என்று துருவைத் தீட்டி வார்னிஷ் அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே. அதன் மேல் காரின் நிறம். அது காய்ந்தவுடன் ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்தால் ஸ்ப்ரே கரைந்து மேல் நிறம் உரிந்துகொண்டு வரும். எங்கே எவ்வளவு உரியும் என்பது முழுக்க நம் கையில் இல்லை. ஓவியன் பாதி, தண்ணீர் பாதி. கிழித்த ஸ்பாஞ்சால் ஒற்றும் முறையும் உண்டு. வேகமானது, ஆனால் எல்லாக் கீறல்களும் உடன்பிறப்புகள் போல இருக்கும்.

இன்னும் வேகமான வழியும் இருக்கிறது. கேம்ஸ் வொர்க்ஷாப் விற்கும் 'டைஃபஸ் கரோஷன்' குப்பியைத் திறந்து சொரசொரப்பான பழுப்பைப் பூசு, காய்ந்ததும் 'ரைசா ரஸ்ட்' ஆரஞ்சை உலர் தூரிகையால் இழு. பத்து நிமிடத்தில் துரு தயார். டாங்கி, டிராம், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் ஒரே துரு. என் நெடுநாள் புகார் இதுதான்: துருவை ஒரு நிறமாகப் படித்துவிட்டோம், அது ஒரு விளைவு என்பதை மறந்துவிட்டோம். நிற்க வைத்த கார் தண்ணீர் தங்கும் இடத்தில்தான் துருப்பிடிக்கும். சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவின் அடிப்பக்கம், தகரங்கள் சேரும் மடிப்பு. பழைய துரு கருக்கும், புதுத் துரு ஆரஞ்சாக இருக்கும், வழியும் துரு மேலிருந்து கீழேதான் வழியும். அதோடு இந்த விளையாட்டின் உலகம் பாலைவனம். வறண்ட காற்றில் இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். அமெரிக்கா தன் பழைய ராணுவ விமானங்களை அரிசோனாவின் டூசான் அருகே கொண்டுபோய் நிறுத்துவதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். பாலைவனக் கார் வெளுத்துப் போகும். எங்கள் மேசைகளிலோ எல்லாமே மழைக்கால ஆரஞ்சு.

இந்தப் புகாரை நான் பலரிடம், கொஞ்சம் தலைக்கனத்தோடு, சொல்லி வந்திருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் எரிந்த பஸ் ஒன்றைச் செய்தேன். விதிப்படி அது ஒரு மறைப்பு. அதன் பின்னால் நிற்கும் காரைச் சுடுவது கடினம். மடிப்பு மடிப்பாகத் துரு, உரிந்த நீல நிறம், ஜன்னலுக்கு மேல் கரி. மூன்று மாலைகள் ஆறாக நீண்டன. வன்னியிலிருந்து வந்த நண்பன் ஒருவன், என்னைவிட எட்டு வயது இளையவன், தேநீரோடு வந்து அதைக் கையில் எடுத்தான்.

"அண்ணை, இது நிண்டு துருப்பிடிச்ச பஸ். எரிஞ்சது இல்லை."

"ஏன்டா?"

"எரிஞ்சதெண்டா டயர் இராது. உள்ளுக்கிருக்கிற கம்பி மட்டும் சுருண்டு கிடக்கும். ஸ்பிரிங் விட்டுப்போய் ரிம்மில குந்தியிருக்கும். ஒரு மழை பெய்ஞ்சா முழுக்க ஒரே நிறமா வந்திடும், செங்கல் மாதிரி. பெயிண்ட் எங்க மிஞ்சுறது?"

வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் பேச்சு அவன் மகளின் நீச்சல் வகுப்புக்குப் போய்விட்டது.

அவன் சொன்னது வேதியியல்படி சரி. தீயில் பெயிண்ட் முழுவதும் போய்விடுவதால் இரும்பு மொத்தமும் ஒரே நேரத்தில் வெறுமையாகிறது. துரு மடிப்பைத் தேடிக்கொண்டிருக்காது. நான் ஏளனம் செய்த அந்த ஒரே நிறக் குப்பித் துரு, இங்கே உண்மைக்கு அருகில் இருந்தது. என் நுணுக்கம்தான் பொய். கற்றுக்கொண்ட விதியை, வாகனத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்காமலே பூசியிருந்தேன். குப்பியைத் திறப்பவன் செய்வதும் அதையேதான்.

டியோரமாக் கலையை வளர்த்த ஷெப்பர்ட் பெயின் 1980இல் வெளியிட்ட கையேட்டில் கதை சொல்வதற்கு இடம் கொடுத்தார். காட்சிப் பெட்டியில் வைக்கும் டாங்கிக்கு அது பொருந்தும். விளையாட்டு மேசையில் நிற்கும் சிதைவுக்கோ கதை தேவையில்லை, உயரம் போதும் என்று நாங்கள் பழகிவிட்டோம். உள்ளே இருந்தவர்கள் இறங்கிவிட்டார்களா என்பது விதிப்புத்தகத்துக்கு வேண்டாத கேள்வி. இதற்காக விளையாட்டைக் குறை சொல்ல மாட்டேன்; காஸ்லேண்ட்ஸ் ஒரு கேலிக்கூத்து, அதன் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் "எரிந்த பஸ்" என்று பெயர் வைத்தது நான்.

டயர்களைக் கழற்றி, மெல்லிய செப்புக் கம்பியைச் சுருட்டி வைத்து, நீலத்தை முழுக்க நீக்கிவிட்டுத் திரும்பத் தீட்டினேன். எங்கள் விளையாட்டுக் குழுவில் ஒருவர் அதைப் பார்த்து, வேலை இன்னும் பாக்கி இருக்கிறதோ என்றார். அது இப்போது அலமாரியில் இருக்கிறது. மேசையில் அதன் இடத்தில் ஒரு தண்ணீர் டாங்கர் நிற்கிறது. மூடிக்குக் கீழே வழியும் துரு நன்றாக வந்திருக்கிறது.