சுவருக்குத் தண்ணீர் காட்டுதல்

பழைய வீட்டை வாங்கியவர்கள் வந்தவருக்கு முதலில் காட்டுவது தேக்குத் தூணை. அடுத்து முற்றத்தை. நான் போனால் கூடத்துச் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பேன். தரையிலிருந்து இடுப்புயரம் வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ‘டக்’ என்றால் காரை செங்கல்லைப் பிடித்திருக்கிறது. ‘டொப்’ என்றால் விட்டுவிட்டது. அந்த ‘டொப்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கரித்துண்டால் கோடு போடத் தெரிந்த பிறகு கரணையைத் தொட்டால் போதும்.

சொந்தக் கையால் வீட்டைச் சீர்செய்பவர்களில் பல கட்சிகள் உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையேறி ஓடு மாற்றுபவர்கள் ஒரு கட்சி. கதவிலிருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டி எண்ணெய் தேய்ப்பவர்கள் இன்னொன்று. அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, பொறாமை கிடையாது. மரத்தை யார் தேய்த்தாலும் அழகாகத்தான் வரும், பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள். காரை ஒட்டு நன்றாக அமைந்தால் கண்ணிலேயே படாது.

ஒட்டுப் போடுவதைவிட அதற்கு முந்தின கட்டத்தின் மீதுதான் எனக்குப் பித்து. விட்ட காரையைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளில் தூசியைத் தட்டிவிட்டு, முந்தின நாள் சாயங்காலமே சுவருக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். நாட்டுச் செங்கல் முதல் சொம்பை உறிஞ்சும் சத்தம் காதில் விழும். அது அடங்கித் தண்ணீர் வழியத் தொடங்கும்வரை விடக்கூடாது. காலையில் இன்னொரு முறை. மேலே மினுமினுப்பு போய் உள்ளே ஈரம் மட்டும் நிற்கிற அந்தச் சிறிது நேரத்தில்தான் சாந்தை அறைய வேண்டும். முந்தினால் சாந்து வழுக்கி இறங்கும். பிந்தினால் செங்கல் அதன் தண்ணீரைக் குடித்துவிடும், காய்ந்ததும் மாவாக உதிரும். கடிகாரம் பார்த்து இதைச் செய்ய முடியாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் வேலை செய்த ஒரு கிழக் கொத்தனார் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். சித்தாள் சாந்துச் சட்டியோடு நிற்பாள். அவர் அவசரப்படமாட்டார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற அதே நிதானத்தில்தான் சுவரிலும் கரணையை இழுப்பார். அந்தக் கையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சிமெண்ட்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுடைய சரக்கு அரை மணி நேரத்தைத் தாண்டினால் இறுகத் தொடங்கிவிடும். கற்றுக்கொள்கிற கைக்கு அது எதிரி. சுண்ணாம்பு பொறுத்துக்கொள்ளும். கோணலாகப் போனதை மத்தியானம் வழித்தெடுத்துத் திரும்பப் பூசலாம். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் வைத்திருந்தால் மாதக்கணக்கில் கெடாது, நாள்பட நாள்பட வெண்ணெயாகும். சுர்க்கி என்கிற செங்கல் தூளைக் கலந்துவிட்டால் மட்டும் அன்றே தீர்த்துவிட வேண்டும். நீற்றும்போது தண்ணீரில்தான் கல்லைப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரைக் கொட்டுகிற வீரர்கள் கண்ணுக்குக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளட்டும்.

சுண்ணாம்பு நிற்பதற்கான காரணமும் எனக்குப் பிடித்த கதைதான். சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவைக் காளவாயில் சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடும். சுவரில் பூசிய பிறகு மாதக்கணக்கில் அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கித்தான் காரை மறுபடி கல்லாகிறது. அதனால்தான் ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. காற்று உள்ளே போக வேண்டும்.

ஓதம் வெளியே வரவும் அதே வழிதான். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதைக் கொண்டுவந்து இந்தச் சுவரில் அப்புவதில்தான் ஆட்சேபம். சிமெண்ட் பூசிய இடம் இரும்பாக நிற்கும். அடைபட்ட ஈரம் ஒரு சாண் மேலே ஏறி, அங்கே உப்புப் பூத்து, நல்ல காரையைப் பொரிய வைக்கும். உடனே அதற்கும் சிமெண்ட் பூசுவார்கள். சில வீடுகளில் இந்தப் படையெடுப்பு உத்தரம்வரை போயிருக்கிறது.

செட்டிநாட்டு முட்டைப் பூச்சை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடிபோல் மின்னும் அந்த வழவழப்பை மட்டுமே காரையின் உச்சம் என்கிற ரசனையோடு எனக்கு உடன்பாடில்லை. மணியாஸ் கட்டையால் தேய்த்து நிறுத்திய சுவரில் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது கை போன வழி தெரியும். எனக்கு அது போதும். காரையை முழுக்க உரித்துச் செங்கல்லை அம்மணமாக நிறுத்தும் உணவகப் பாணியைப் பற்றிப் பேசவே வேண்டாம். காரைக்குள் இருக்கட்டும் என்று கட்டிய செங்கல் அது.

குறை எனக்கு ஆட்கள் மேல் இல்லை, சரக்கின் மேல்தான். காளவாய்கள் அணைந்துவிட்டன. கடையில் சுட்ட கல் கேட்டால் பாக்கெட் தூளை எடுத்து நீட்டுகிறார்கள். அது மூட்டையிலேயே காற்றுப் பட்டுப் பாதி செத்திருக்கும். சாந்தில் சேர்க்கிற கடுக்காயும் கருப்பட்டியும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கின்றன, விலையும் மருந்து விலைதான். மாடியில் தளம் போட்டபின் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் தட்டுவார்கள், பாட்டும் சேர்ந்தே வரும். இப்போது அதே மாடியில் ரப்பர் மாதிரி ஏதோ ஒன்றைத் தார் நிறத்தில் உருட்டுகிறார்கள். பொங்கலுக்கு மட்டையால் வெள்ளையடிக்கிற வீடும் அருகிவிட்டது. பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் சுவரின் மூச்சுக்கு அத்தோடு மூடி.

புதிதாக ‘லைம் பிளாஸ்டர்’ என்று வாளியில் அடைத்தும் விற்கிறார்கள். பாரம்பரிய வீடு புதுப்பிப்பவர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். சிலவற்றில் அக்ரிலிக் பிசினைக் கலந்துவிடுகிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் வாளியைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.