எழுத்து காட்டாத ஒலியமைவு: கால்டுவெல்லின் வல்லெழுத்து விதி

'பம்பரம்' என்னும் சொல்லில் பகரம் இருமுறை வருகிறது. முதலது ஒலிப்பிலா ஒலி. மெல்லெழுத்தை அடுத்து வருவது ஒலிப்புடை ஒலி. எழுத்தறியும் முன்பே தமிழ்க்குழந்தை இவ்வேறுபாட்டைச் செவிவழிப் பெற்றுவிடுகிறது. 1856இல் கால்டுவெல் இதனை விதியாக வகுத்தார்: வல்லெழுத்துகள் சொல்முதலிலும் இரட்டிக்குமிடத்தும் ஒலிப்பின்றியும், இடையில் தனித்து வருமிடத்து ஒலிப்புடனும் வரும். கூர்மையான வகைப்பாடுதான். ஆயின், அதனை மாறா இயல்பாக இன்றும் எடுத்தாள்வது பொருந்தாது. 'பஸ்' என்பதன் முதலொலி பேச்சில் ஒலிப்புடையது. தீவினையைக் குறிக்கும் 'பாவம்', ஆடற்கலையின் 'பாவம்' ஆகியவற்றை முதலொலியாலேயே பிரித்துச் சொல்வோர் பலர்; வரிவடிவமோ இரண்டிற்கும் ஒன்று. இவை கடன்சொற்கள் என ஒதுக்குதல் ஆய்வாளர்க்கு எளிது. குழந்தைக்கு அப்பாகுபாடு தெரியாது. 'பஸ்'ஸும் 'பாலு'ம் ஒரே வாயிலிருந்துதான் அதன் செவிக்கு எட்டுகின்றன. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் டச்சுச் சொற்களைவிட ஆங்கிலச் சொற்களையே நெடுநேரம் கேட்டன என்றும், ஆறு மாதக் குழந்தைகளிடம் அவ்விருப்பம் இல்லை என்றும் 1993இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவ்வயதில் செவிக்கு எட்டியதே இலக்கணம். தமிழ் ஒலியமைவை அச்சுநூல்களின் சொற்களைக் கொண்டே விளக்கும் ஆய்வுகள், எழுத்து மறைத்துவிடும் ஒன்றை எழுத்திலேயே தேடுகின்றன.